மாரிகுப்பத்தில் இறங்கிய பயணி

அன்புள்ள நண்பருக்கு,

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் ஒட்டிக்கொண்ட பழக்கம். "மொதல்ல பட்டியலு, அப்பறம்தான் மூச்சு வுடுவாரு நம்ம இன்ஜினியரு" என்று கேலி செய்வீர்கள். எழுதப்போவது இவை:

1. இன்று காலை சந்தையில் ஜிப் அறுந்த உங்கள் பை.
2. நாட்டுக்கென்று ஒரு விமானக் கம்பெனி இருந்தால்தான் சுற்றுலா வளரும் என்ற உங்கள் கட்சி.
3. பார்க்க ஒன்றும் இல்லாத ஊருக்கு எந்தக் கம்பெனியாலும் ஆளைக் கொண்டுவர முடியாது என்ற என் கட்சி.
4. நீங்கள் வரச்சொன்ன அந்த அம்மாள்.

உங்கள் மகன் பெங்களூருக்குக் குடிபோகும்போது, நீங்கள் வேலை பார்த்த விமானக் கம்பெனியின் தோள்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் காய்கறி வாங்க எடுத்துப் போகிறேன். அது மரியாதைக் குறைவா என்று இன்னும் சந்தேகம்தான். இன்று ஆண்டர்சன்பேட்டை சந்தையில் அதன் ஜிப் அறுந்து, தக்காளியும் அவரைக்காயும் தரையில் உருண்டன. கடைக்கார அம்மா, பையின் மேல் பாதி அழிந்திருந்த விமானப் படத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், பிளேனு கவுந்துடுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தக்காளியைப் பொறுக்குவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

நீங்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகுதான் நமக்குள் பழக்கம். சாயங்காலம், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுப் பக்கம் நடந்து, மதகுச் சுவரில் உட்காருவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் உங்கள் கம்பெனியில் வந்து நிற்கும். குளிர்நாட்டு நகரம் ஒன்றின் தெருமுனையில் இருந்த அதன் அலுவலகத்தை நீங்கள் சொல்லிச் சொல்லியே நான் பார்த்திருக்கிறேன்: கண்ணாடிச் சுவர், உள்ளே கோயில் கோபுரமும் யானையும் இருக்கும் சுவரொட்டிகள், நனைந்த கோட்டோடு வந்து உட்காருபவர்களுக்கு நாலைந்து நாற்காலிகள்.

"வர்றவங்கள்ல பாதிப் பேரு டிக்கெட் வாங்க வர மாட்டாங்க சார். மழைக்கு ஒதுங்குவாங்க. அவங்களத்தான் நாங்க புடிக்கணும்."

"எந்த நாட்டுக் கம்பெனியும் அதைச் செய்யுமே" என்பேன்.

"செய்யாது. அவனுக்கு நம்ம நாடு பத்தோட ஒண்ணு. நீங்க வரலன்னா வேற எங்கனா அனுப்பிடுவான். எங்களுக்கு விக்கறதுக்கு ஒரே நாடுதான். அதனால வாய் வலிக்கப் பேசுவோம்."

ஓட்டல்கூட இல்லாத ஊர்களுக்கெல்லாம் உங்கள் விமானம் முதலில் போனதையும், பின்னாலேயே ஓட்டலும் டாக்சியும் வழிகாட்டியும் முளைத்ததையும் ஊர் ஊராகச் சொல்வீர்கள். கம்பெனி அரசிடமிருந்து தனியாருக்குக் கைமாறிய செய்தி வந்த அன்று மட்டும் ஊர்க்கதை எதுவும் இல்லை. "பறக்குது இல்ல, போதும்" என்றீர்கள்.

உங்கள் வேலைமுறையில் ஒன்று எனக்கு விசித்திரமாக இருந்தது. உங்கள் அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிப்டுக்குப் போகிறவர் ஆணியிலிருந்து தன் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்குவார். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கணக்கை நீங்கள் டிக்கெட் கவுண்டருக்குக் கொண்டுபோனீர்கள். முதல் தடவையாக இந்தியா போனவர் திரும்பியிருப்பார் என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போன் செய்து, "மேலே வந்துவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்பீர்களாம். கூட வேலை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம்.

என் கட்சிக்கு வருகிறேன். கம்பெனியின் நட்டத்தை அரசு சுமப்பதைவிட அதே செலவில் சாலையும் கழிப்பறையும் கட்டலாம் என்றேன்.

"கட்டுங்க, வாணாங்கல. அந்த ரோட்டுக்கு ஆள யாரு கூப்புடுவாங்க? ரோடே கூப்புடுமா?"

விமானத்தின் வாலில் எந்தச் சின்னம் இருந்தால் பயணிக்கு என்ன, கட்டணமும் நேரமும்தானே முக்கியம் என்றேன். அதற்குச் சிரித்தீர்கள். கடைசியாக, மனிதர்கள் ஒரு இடத்துக்குப் போவது அங்கே பார்க்க ஏதாவது இருப்பதால்தான், அது இல்லாவிட்டால் யார் கூப்பிட்டும் பயனில்லை என்றேன்.

"அப்ப நம்ம ஊருக்கு?"

"நம் ஊருக்கு யார் வருவார்கள்? மூடின சுரங்க ஷாஃப்ட்டையும் மண்மேட்டையும் பார்க்கவா?"

நீங்கள் மேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கு உடனே தோன்றியது. எழுந்து நடக்கும்போதுதான் சொன்னீர்கள்: "ஒரு அம்மா வராங்க சார், குளிர் காலத்துல. அந்த ஆபீசுல பழக்கம். பாக்கலாம் பாருங்க."

குளிர் காலத்துக்கு முன்பே நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

"நான் இல்லன்னா நீங்க ஸ்டேஷன்ல போய் நில்லுங்க. கூப்ட்டவன் நானு. அவங்க எறங்கசொல்ல ஒரு ஆளுனா நிக்கணும்."

"எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராதே."

"பேச வாணாம் சார். நின்னா போதும்."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் நீங்கள் போன செய்தியை உங்கள் மகன் அந்த அம்மாளுக்குத் தெரிவித்தபோது, இனி வரமாட்டார் என்று உள்ளூர ஆறுதலாக இருந்தது. பார்க்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. அவர் சொன்ன தேதியில் வருவதாகவே பதில் வந்தது.

அன்று மாரிகுப்பம் ஸ்டேஷனில் டீக்கடைக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி நின்றேன். ரயில் நின்றதும் பெங்களூர் போய் வந்தவர்கள் கூட்டமாக இறங்கிப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியாக, வெள்ளை முடியும் சின்னப் பெட்டியுமாக ஒரு குள்ளமான வெளிநாட்டு அம்மாள் இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிளாட்பாரம் காலியானது. அவர் நகரவில்லை. யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் 'நின்னா போதும்' என்னைப் போக விடவில்லை. தூணை விட்டு வெளியே வந்தேன். உங்கள் பெயரைச் சொல்லி, அவருடைய நண்பன் என்றேன்.

அவர் கைகூப்பினார். "இன்னா சார், சௌக்கியமா?"

டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, இந்தம்மா நம்ம ஸ்கெலட்டன் லைன் பொண்ணா?"

அந்தப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் என்று புரிந்தது. எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

நீங்கள் பிறந்த ஸ்கெலட்டன் லைன் தொழிலாளர் குடியிருப்பைக் காட்டினேன். மண்மேட்டைக் காட்டினேன். "இங்கே பார்க்க வேறு ஒன்றும் இல்லை, மன்னிக்க வேண்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நந்திதுர்க்கில் ஷாஃப்ட்டைச் சுற்றிப் போட்ட வேலிக்கு முன்னால் நின்றபோது, பிறகு எதற்காக வந்தார் என்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

கணவர் இறந்த வருடம், மழைக்கு ஒதுங்கித்தான் அந்த அலுவலகத்தில் நுழைந்தாராம். எங்கும் போகிற எண்ணமே இல்லையாம். நீங்கள் பேசிய பேச்சில் இந்தியா வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஊர் திரும்பி, யாருமில்லாத வீட்டில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தபோது போன் மணி அடித்திருக்கிறது; நீங்கள்தான், 'மேலே வந்துவிட்டீர்களா?' என்று.

"என்னைக் கேட்க ஒருவரும் இல்லாத காலம் அது. அதன் பிறகு வேறு கம்பெனி விமானங்களில்கூட வந்திருக்கிறேன். அப்போதும் அவர் கேட்கத் தவறியதில்லை. இந்தத் தடவை கேட்க ஆளில்லை. அதனால் அவர் ஊருக்கே வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது" என்றார்.

பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என்னவோ சொன்னார். அது எனக்கானதல்ல என்று தள்ளிப்போய் நின்றேன்.

மாலை ரயிலில் அவர் போய்விட்டார். நான் வீட்டுக்குப் போகாமல், உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமென்று வேகமாக நடந்தேன். உங்கள் தெரு திரும்பி, கதவில் பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. எதிர்வீட்டுக்காரர் "யாரு சார் வேணும்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அதிலிருந்து சாயங்காலம் ரயில் வரும் நேரமானால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். சில நாள் போய் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

சாலையைப் பற்றிச் சொன்னதை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. வாலில் உள்ள சின்னத்தைப் பற்றியும்தான். அந்த அம்மாளே இம்முறையும் வேறு நாட்டு விமானத்தில்தான் வந்தார். கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் மேலே மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. பார்க்க ஒன்றும் இல்லாத ஊருக்கும், கூப்பிட்டவர் போன பிறகும், ஒருவர் வந்தார்.