கூரை மேல் நட்ட தேயிலை

இன்று காலை ஹட்டனில் நாம் வேலை பார்த்த பிரின்டிங் கடையில் ஃபிளெக்ஸ் சுருளைப் பிரித்ததும் மை நாற்றம் குப்பென்று அடித்தது. வருஷக்கணக்காகப் பழகிய நாற்றம்தான், இன்றைக்கு மட்டும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தேன். தரையில் விரிந்து கிடந்தது நீ எடுத்த படம். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற உங்கள் தோட்டம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாசலில் மாட்டப் போகிறார்கள். 'கறைபடாத இயற்கை' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். கறைபடாததாம்!

நீ செத்துப்போய், வருகிற மாசத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

கடையில் சேர்ந்த புதிதில், மழைக்கு ஆள் வராத நாட்களில், போனில் வீடியோ பார்த்துத்தானே இந்த வித்தையைப் பிடித்தோம். வெளிச்சமான வானத்தையும் இருட்டான பள்ளத்தையும் கமெரா ஒரே படத்தில் ஒழுங்காகக் காட்டாது. அதனால் கமெராவை அசைக்காமல் மூன்று அளவு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த இடத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோக்காரன் 'லேயர், லேயர்' என்றான். உன் காதில் அது லயம் என்று விழுந்தது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற நீளமான வரிசை வீடு.

"அடேய், வெள்ளைக்காரன் கம்ப்யூட்டருக்குள்ளயும் லயம் கட்டிட்டான்டா!"

அன்றிலிருந்து நம் ஃபைல்களில் லயம் ஒன்று, லயம் இரண்டு, லயம் மூன்றுதான். என் முதல் படத்தில் மலை விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. "என்னடா, மலைக்கு டியூப்லைட் கட்டிவச்சிருக்க?" என்று கடையே கேட்கச் சிரித்தாய்.

இந்தப் படத்தின் மூன்றாவது லயத்தை நீ எடுத்தது உங்கள் வீட்டு லயத்துக்காகவே. வானம் வெளுத்துப்போனாலும் போகட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினாய். வாசலில் துணி காயப்போடும் உன் அம்மாவின் முகம் தெரிகிறவரை விடவில்லை. "வானத்த எவனும் பாப்பான்டா" என்றாய்.

போன வாரம் ஹோட்டல் மேனேஜர் போனில் சொன்னது ஒரே விஷயம். "படம் நல்லாருக்கு. அந்த லயத்த மட்டும் எடுத்துருங்க, வர்ற கெஸ்டுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

லேயரைச் சொன்னார் என்று நினைத்தேன் என இப்போது கதைவிடலாம். நீ நம்பமாட்டாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. பக்கத்துச் செடிகளை நகலெடுத்து, கூரைமேல் வரிசையாகத் தேயிலை நட்டேன். உன் அம்மாவின் மேலும்தான். பத்து நிமிஷ வேலை. எந்தத் தோட்டத் துரையும் இவ்வளவு சுத்தமாக ஒரு லயத்தை இல்லாமல் ஆக்கியிருக்க மாட்டான். ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை என்று அப்போது பெருமைப்பட்டேன் பார், அதை நினைத்தால்தான் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மதியம் உன் அம்மா வந்தார்கள். திதிக்கு வைக்க உன் படத்தைப் பெரிதாக்க வேண்டுமாம். ஃபிளெக்ஸைச் சுருட்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"நம்ம தோட்டம்ல இது?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். விரலை வைத்துத் தேடினார்கள். "இந்தா கோயிலு. இது பீலி, தண்ணி புடிக்கிற எடம்..." விரல் தேயிலைமேல் போய் நின்றது. "நம்ம லயத்த காணமே தம்பி?"

"ஹோட்டல்காரங்க அழிச்சிட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எம்புள்ள இருந்திருந்தா விட்டிருப்பானா? நீங்க ரெண்டு பேரும் சேந்து அவனுங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பீங்க."

"ஆமாம்மா" என்றேன்.

உன்னோடு சேர்ந்து கற்ற வித்தையெல்லாம் கையில் பத்திரமாக இருக்கிறது. அந்த 'ஆமாம்மா' மட்டும் வாயிலேயே இருக்கிறது. காறித் துப்பியும் போகவில்லை.