கட்டையனின் பொத்தான்கள்

மார்ச் 3, செவ்வாய்

கட்டையன் இன்றும் ஒரு இலக்கத்தை விழுங்கிவிட்டான். 47.362 அடித்தால் 47.62 என்று காட்டுகிறான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் பையில் கிடக்கும் கால்குலேட்டர், இவன் எனக்குத் துரோகம் செய்வானா?

நில அளவை வேலையில் கண் தாளில் இருக்கும், விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போகும். ஒவ்வொரு பொத்தானும் இறங்கியதும் விரல் நுனியில் ‘டக்’ என்று ஒரு சின்ன உதை. காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். அந்த ‘டக்’ போயே போய்விட்டது. யாராவது வாங்கிக் கெடுத்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. எண்களை முதலில் அடித்துவிட்டுக் கூட்டல், கழித்தலைக் கடைசியில் அழுத்தும் ரகம், சமக்குறிப் பொத்தானே கிடையாது. இரவல் கேட்பவர்கள் “இதுல ஈக்குவல் எங்கக்கா?” என்று கேட்டுவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுவார்கள்.

மார்ச் 11, புதன்

ரிப்பேர்காரர் கட்டையனைத் திறந்து, துடைத்து, மூடித் தந்தார். “புதுசு மாதிரி இருக்கும்மா, அழுத்திப் பாருங்க.” அழுத்தினேன். ஒன்றுமில்லை. செத்த பொத்தான். “என்னத்தைத் துடைச்சீங்க?” என்றேன். “நல்லாத்தானே இருக்கு?” என்கிறார், என் முகத்துக்கு நேராக! வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

இனி மாற்றுதான். கட்டையனைப் போலவே ஒன்றை இந்தக் காலத்திலும் ஒரு சிறிய கம்பெனி செய்கிறது. அதே அமைப்பு, சமக்குறி கிடையாது, திரை பளிச்சென்று இருக்கிறது. ஆசையாகப் பிரித்தேன்.

கூழில் விரல் விட்ட மாதிரி இருக்கிறது. சே!

ஏப்ரல் 9, வியாழன்

இரண்டாவது மாற்றும் வந்தது, வேறு கம்பெனி. அதுவும் கூழ். பழைய கால்குலேட்டர் பைத்தியங்களின் குழுவில் காரசாரமாக எழுதினேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: “இதன் சிறப்பே பொத்தான்தான்.” அதிர்ந்துபோனேன். கைக்கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறாரோ?

சட்டைப் பொத்தானைக்கூட இப்போதெல்லாம் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. காலையில் போட்டு முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. தூக்கத்தில் கை வேறு மரத்துப்போகிறது. தலையணையை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 27, திங்கள்

ஒரு தூணை இரண்டு அடி தள்ளிக் குறித்திருக்கிறேன். நான்! கட்டையன் விழுங்கிய இலக்கம். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் வரைபடக்காரர் பார்த்துவிட்டார். பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வெளிவேலைக்கு வேற ஆளைப் போட வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பா எடுத்துக்காம? வெளிவேலை இல்லாமல் அந்த அறைக்குள் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?

மே 2, சனி

எழுதவே வரவில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

கட்டையனின் அதே ரகம், உறைகூடப் பிரிக்காதது, ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்று வந்தது. யார் கையும் படாத பொத்தான்கள். அழுத்தினேன். கூழ்! எப்படி? எப்படி இருக்க முடியும்? ஆத்திரத்தில் ரிப்பேர்காரருக்கே போன் போட்டேன். போன் வலது கையில். “இதோ பாருங்க, இதுவும் செத்துக் கிடக்கு” என்று இடது கையால் அழுத்தினேன்.

டக்.

போனை அப்படியே வைத்துவிட்டேன். கட்டையனை எடுத்தேன். இடது கையில் டக். புதுசு இரண்டும் டக், டக். கூழ் என்று நான் ஊரெல்லாம் தூற்றினேனே, அவையேதான்! வலது கட்டைவிரல், இல்லை. ஆள்காட்டி விரல், இல்லை. நடுவிரல், இல்லை. சுண்டுவிரலில் மட்டும் டக்.

பொத்தான் எதுவும் கெடவில்லை. கெட்டுப்போனது என் கை. ஐயோ, என் கைக்கு என்ன ஆச்சு?

மே 8, வெள்ளி

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்து, “எப்பத் தொடப்போறீங்க?” என்று கேட்டேன். “தொட்டு முடிச்சாச்சும்மா.”

மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கட்டைவிரலுக்குக் கீழே சதை குழிந்திருப்பதைக் காட்டினார். தினமும் பார்க்கிற கை, நான் கவனிக்கவே இல்லை. “ரொம்ப நாள் விட்டுட்டீங்க. ஆபரேஷன் பண்ணினா இதுக்கு மேல கெடாது. போன உணர்ச்சி திரும்புமான்னு கேட்டா, என்னால உறுதி சொல்ல முடியாது.”

திரும்பும்போது என்னவர் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினார். கேலி செய்திருந்தால் தேவலை.

மே 9, சனி

பயமா இருக்கு.

மே 20, புதன்

ரிப்பேர்காரரைப் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “கைதானே போச்சு? வாய் நல்லா இருக்கில்ல, பொழைச்சுக்குவீங்க” என்றார். சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 12, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல். போதும்.

ஜூலை 21, செவ்வாய்

வலது கையால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

இன்றும் இல்லை. வெளிவேலைக்கு வேறு ஆள் போய்க்கொண்டிருக்கிறார். நான் அறைக்குள் அவர் கொண்டுவரும் அளவுகளைச் சரிபார்க்கிறேன், இடது கையால், கூழ் என்று திட்டிய அந்தப் புதுசில். நல்ல பொத்தான்கள். குழுவிலும் அப்படியே எழுதிவிட்டேன். ‘இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே’ என்கிறார் அந்தக் கைக்கூலி.

என்னவர் கேட்டார், “வலது கையால முயற்சி பண்ணலியா?” எரிந்து விழுந்தேன். எத்தனை தடவைதான் இல்லை இல்லை என்று தெரிந்துகொள்வது?

செப்டம்பர் 17, வியாழன்

உறை பிரித்த அந்தப் பழைய ரகத்தை ரிப்பேர்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று அட்டைப்பெட்டியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். அட்டையின் விளிம்பு வலது ஆள்காட்டி விரலைச் சுரீரென்று கீறியது. “ஆ!” என்று வீடே அதிரக் கத்தினேன்.

என்னவர் முகமெல்லாம் சவர நுரையோடு ஓடி வந்தார். “என்ன ஆச்சு? என்ன ஆச்சு?” விரலைக் காட்டினேன். நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

“ஏய், இதுக்கா இப்படிக் கத்தின? எதுக்குச் சிரிக்கிற இப்போ?”

“எரியுதுங்க.”

“எரியத்தான் செய்யும், அறுத்துக்கிட்டா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் விரலையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்துபோய் மருந்து எடுத்துவந்தார். வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்றேன்.