பதினாறு எஃப்

அன்புள்ள வாப்பாவுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் நோவு குறைந்ததா? ஹெல்சின்கியில் நான் சுகம்.

என் நிரல் தந்த மைனஸ் ஒன்றை, அலுவலகத்தின் கண்காணிப்புக் கருவி இலக்கத்தோடு ஏ முதல் எஃப் வரை எழுத்தும் சேர்த்து எழுதும் பதினறும எண்ணில் பதினாறு எஃப்களாகக் காட்டியது. ஒரு பைட் எண்ணுக்கு இரண்டு எஃப்தான் வரவேண்டும். எல்லோரும் என் நிரலையே பழித்தார்கள். மூன்று நாள் தேடினேன். ஒரு பைட்டை எட்டு பைட்டாக இழுத்துக் காட்டிய கருவியில்தான் பிழை! திருத்தத்தையும் நானே எழுதினேன். தலைவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

உம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் காய்ந்த கூனி இறால் அனுப்புங்கள். இங்கே தனியாகச் சோறு இறங்குவதில்லை.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். அன்று போனில், "என்ட மகள் பிழை உடமாட்டா, மெசினப் பாக்கச் சொல்லு" என்றீர்களே வாப்பா, ஒன்றும் விளங்காமலே சரியாகச் சொன்னது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் மகள்
ஷாகிரா