பதினோரு வருஷத்துப் பால்

ரோக்கா பண்ணை
2014 மார்ச் 2

ரெமேய்,

உன் கடிதம் வந்தது. உறையின் மேலேயே தங்கையின் கையெழுத்து தெரிந்துவிட்டதால் பிரிக்க நாலு நாள் ஆயிற்று. ஆடுகள் குட்டி போடும் சமயம், கை ஓயவில்லை என்று வைத்துக்கொள்.

கேட்டதற்கு மட்டும் பதில். ஆமாம், தட்டு வெளியே நீளும் பழைய கம்ப்யூட்டர் என்னிடம் இருக்கிறது. பேத்தி வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது. திருவிழா பேண்டு வாத்திய சி.டி. போட்டுக் கேட்பேன். வலென்சியாவில் நீ கூட்டிப் பெருக்கும் பரிசோதனைக்கூடத்தில், அதே மாதிரி சி.டி.யின் மேல் பாலை விட்டு, மருந்து கலந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரையே சொல்ல வைக்கிறார்களாம். பால் வண்டி வருவதற்கு முன் ஆடு வளர்ப்பவர்களே பார்த்துக்கொள்ளலாமாம். சோதித்துப் பார்க்க ஆள் தேடினதும் அக்கா ஞாபகம் வந்ததாக்கும்.

எனக்கு உன் ஞாபகம் போனதே இல்லை. 2003 ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை. மாதா கோயில் சதுக்கம். உன் புருஷன் பத்தீஸ்து, சங்கத்துப் பால் பரிசோதகன், நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. "இந்தப் பால்ல மருந்து இருக்கு, வண்டியில ஏத்த முடியாது"ன்னான். "செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம், என் ஆட்டுக்கு ஒரு பொட்டு மருந்து குடுக்கல"ன்னேன். நூற்றிருபது லிட்டரையும் சாக்கடையில் கவிழ்த்தான். என் புருஷன் சிமோ அவசர அவசரமாகக் காலிக் கேன்களை எங்கள் வண்டியில் ஏற்றினார். நீ உன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

கவிழ்க்கும் முன் ஒரு பாட்டில் பிடித்துவைத்தேன். ஃப்ரீசரின் அடியில் இன்னும் இருக்கிறது.

அனுப்பு அந்த சி.டி. தகடுகளை.

விசெந்தா

*

வலென்சியா
மார்ச் 14

என் அன்பான அக்காவுக்கு,

நீ எழுதினதே போதும். திட்டியாவது எழுதினாயே.

மூன்று தகடு அனுப்பியிருக்கிறேன். பாட்டு ஒன்றும் கிடையாது. மின்னும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இரண்டு வட்டமாக வைத்திருக்கிறார்கள். பாலை விடு, கால் மணி நேரம் கழித்துக் கழுவு. பிறகு இரண்டு சின்னப் புட்டிகளில் உள்ளதை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, மறுபடி கழுவிக் காயவைத்து டிரைவில் போடு. பாட்டைப் படிக்கிற அதே வெளிச்சம் புள்ளிகளைப் படித்துத் திரையில் காட்டும். உள் வட்டம் கறுத்தால் பால் சுத்தம். கறுக்காவிட்டால் மருந்து இருக்கிறது. வெளி வட்டம் காவலுக்கு, அது எப்போதும் கறுக்க வேண்டும்.

அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடேன், அக்கா. இங்கே தகடு செய்கிற என்ஜினீயர் அம்மாவிடம் கேட்டேன். அத்தனை பழைய பால் சுத்தம் என்று காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லையாம், மருந்து தானாகச் சிதைந்திருக்கலாம். மருந்து என்று காட்டினால் மட்டும்தான் நம்பலாமாம். எப்படிப் பார்த்தாலும் உனக்கு என்ன லாபம்?

பத்தீஸ்து உன்னை விசாரித்தார். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை.

உன் ரெமேய்

*

ரோக்கா பண்ணை
ஏப்ரல் 9

ரெமேய்,

அவன் விசாரிக்க வேண்டாம்.

இன்று காலை கறந்த பாலில்தான் முதல் தகட்டைப் பார்த்தேன். இந்த வருஷம் ஒரு ஆட்டுக்கும் மருந்து கிடையாது, கால்நடை மருத்துவர் படியேறவே இல்லை. நீ சொன்னபடி அத்தனையும் செய்தேன். போடுவதற்கு முன் எப்போதும்போல வாயால் ஊதி, ஏப்ரனால் பளபளவென்று துடைத்துத்தான் போட்டேன். அழுக்கோடு எதையும் மெஷினில் போடுகிறவள் இல்லை நான். திரையில் ஒரு புள்ளி இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

ஆக, சுத்தமான பாலிலும் மருந்து என்று சொல்கிறது உங்கள் தகடு. உன் புருஷன் சொல்லிக் கொடுத்தானா?

விசெந்தா

*

வலென்சியா
ஏப்ரல் 17

அக்கா,

கோபப்படாதே. உன் கடிதத்தை என்ஜினீயர் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தொடச்சாங்களா!"ன்னு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கறுக்கிற புள்ளி தகட்டின் மேலே ஒட்டியிருக்கும் வெள்ளித் தூசுதானாம். துடைத்தால் போயே போய்விடும். காவல் வட்டமும் மறைந்ததே, அதுதான் அடையாளம். தப்பு பாலில் இல்லை, கையில். இத்தனை படித்தவர்களுக்கு, சி.டி. என்றால் ஜனங்கள் துடைத்துத்தான் போடுவார்கள் என்று தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு உறையிலும் 'துடைக்காதீர்கள்' என்று சிவப்பில் அச்சடிக்கிறார்கள். உன்னால்தான்.

இன்னும் இரண்டு தகடு இருக்கிறது. இரண்டையும் இந்த வருஷத்துப் பாலுக்கே வை, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ரெமேய்

*

ரோக்கா பண்ணை
அக்டோபர் 5

ரெமேய்,

மே மாதமே இரண்டாவது தகட்டில் காலைப் பாலைப் பார்த்தேன். துடைக்கவில்லை. இரண்டு வட்டமும் கறுத்தன.

மூன்றாவதை ஐந்து மாதம் மேஜையில் வைத்திருந்தேன். நேற்று அந்தப் பாட்டிலை எடுத்து உருகவைத்தேன். பால் திரிந்து மணல் மாதிரி இருந்தது, துணியில் வடிகட்டினேன். வெளி வட்டம் கறுத்தது. உள் வட்டம் கறுக்கவில்லை. இருக்கிற கண்ணாடி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் யாரும் இல்லை. தகட்டை உடைத்து அடுப்பில் போட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. அம்மா மேல் சத்தியம் செய்தவள் நான், அதனால் எழுதுகிறேன்.

என் கொட்டிலுக்குள் என்னையும் சிமோவையும் தவிர யாரும் நுழைந்ததில்லை. அந்த ஜூனில் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். பத்தீஸ்து சரியாகத்தான் சொன்னான். சரியென்று தெரிந்தவன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஏன் என்னை எதிர்த்துப் பேசவில்லை?

விசெந்தா

*

வலென்சியா
அக்டோபர் 19

அக்கா,

அன்று சாயங்காலமே சிமோ அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தொட்டித் தண்ணியில மருந்த நான்தான் கலந்தேன், பத்தீஸ்து. குட்டிங்களுக்குன்னுதான் கலந்தேன், தாய் ஆடுங்களும் குடிச்சிருச்சு போல. அவகிட்ட சொல்லல. இப்ப ஊரறிய அம்மா மேல சத்தியம் வேற பண்ணிட்டா. பொய்ச் சத்தியம் ஆயிருச்சுன்னு தெரிஞ்சா அவளால தலை நிமிந்து நடக்க முடியாது. சொல்லிராதப்பா."

இவர் சொன்னார்: "சரி விடுங்க, சொல்லல. என்னைத் திட்டிட்டுப் போகட்டும். எனக்கென்ன, இப்பவே ஒரு காது மந்தம்."

ஒரு வருஷத்தில் உன் கோபம் தணியும் என்று நினைத்தோம். உன்னைத் தெரிந்தும் நினைத்தோம். அத்தான் இறந்த பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பேனா எடுப்பேன். "செத்தவருக்குக் குடுத்த வாக்கு"ன்னு இவர் தடுப்பார். தகட்டுக்கு ஆள் தேடினபோது உனக்கு எழுத ஒரு சாக்கு கிடைத்ததே என்றுதான் எழுதினேன். நீ பாட்டிலை வைத்திருப்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மன்னித்துக்கொள்.

ரெமேய்

*

ரோக்கா பண்ணை
நவம்பர் 3

ரெமேய்,

நேற்று கல்லறைக்குப் போனேன். சிமோவின் கல்லைக் கழுவி, செவ்வந்தி வைத்தேன். எப்போதும் வீட்டுச் சமாசாரமெல்லாம் சொல்வேன். நேற்று ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்.

பத்தீஸ்துவிடம் இதைக் காதோரம் சத்தமாகப் படி. 2003-இல் சதுக்கத்தில் அவரைத் திருடன் என்றேன். 2005-இல் உங்கள் மகள் கல்யாணத்தில் அவர் நீட்டிய மதுவை வாங்கித் தரையில் கவிழ்த்தேன். 2009-இல் சிமோவின் பெட்டியைத் தூக்க வந்தவரை, "இந்தப் பெட்டியில கை வைக்காதே"ன்னு வாசலிலேயே நிறுத்தினேன். அவருக்குத்தான் தூக்க உரிமை இருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மூன்றுக்கும் நான் தலைகுனிகிறேன். மூன்றாவதற்கு அதிகமாக.

இனி உன் விஷயம். அவர் சிமோவுக்கு வாக்குக் கொடுத்தார். நீ யாருக்கும் கொடுக்கவில்லை. நான் யார் மேல் சத்தியம் செய்தேனோ, அவள் உனக்கும் அம்மா. அது பொய்யென்று தெரிந்தும் பதினோரு வருஷம் என்னை அதோடு நடமாட விட்டாய். உன்னை மன்னிப்பேன், ஆனால் இப்போது இல்லை. அடுத்த கல்லறைத் திருநாள் வரை எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

வருகிற ஞாயிறு முயலும் நத்தையும் போட்டுச் சோறு ஆக்குகிறேன். பத்தரை மணி பஸ்ஸில் பத்தீஸ்துவை ஏற்றிவிடு. நிறுத்தத்தில் நான் நிற்பேன்.

அவர் மட்டும் வரட்டும்.

விசெந்தா