தூணுக்குத் தூண் கயிறு

பினாங்கு, 12-3-1964

அன்பு மனைவி சிட்டாளுக்கு,

முருகன் அருளால் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

வெள்ளிக்கிழமை கோயிலில் தலை சுற்றி, பிரசாதத் தட்டின் மேலேயே விழுந்துவிட்டேன். அடி இல்லை. நம்மூர் முத்தப்பன், "என்னண்ணே, காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டீகளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இல்லையென்று சொல்ல வாய் வராமல் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த கப்பலில் அவன் ஊருக்கு வருகிறான். அதற்குள் உனக்கு உண்மை தெரிய வேண்டும்.

இரண்டு வருடமாகவே சுற்றுகிறது. பித்தமென்று சுக்கு தின்று, உன்னிடம் மறைத்தேன். எப்போது, என்ன செய்கையில் சுற்றியது என்று நான் தேதிவாரியாகக் குறித்துவைத்த தாளைப் பார்த்த டாக்டர், இடப்பக்கம் திரும்பினால்தான் வருகிறது, காதுக்குள் கோளாறு என்கிறார். மாத்திரையில் குறையுமாம், முழுதும் தீராதாம்.

சித்திரையில் வருகிறேன். வளவில், முற்றத்தைச் சுற்றித் தூணுக்குத் தூண் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி வை. யாராவது கேட்டால், துணி காயப்போட என்று சொல்லிவிடு.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மெய்யநாதன்