ஆம்பளக் குரல்ல என் பாட்டு

ஜூன் 4, புதன்
வெயில் கொளுத்துது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல கரண்ட் கட். மத்தியானச் சாப்பாட்டுல பக்கத்து மிஷின் தேவியோட போன்ல என் பாட்டு! டவுன் பஸ் கூட்டத்தப் பத்தி நான் எழுதி, நானே பாடின கானா. குரல் மட்டும் யாரோ ஆம்பள.
"இன்னாமா பாடுறான் பாரேன்!"
"அது என் பாட்டுடி."
"உனக்கு எப்போ மீச மொளச்சுது?" எல்லாம் சிரிச்சாளுங்க. பத்திகினு வந்துச்சு எனக்கு.

ஜூன் 5, வியாழன்
ஷிஃப்ட் முடிஞ்சு நேரா கோவில்பதாகை, தினேஷ் ஊடு. மொட்டமாடி ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். அதுக்குப் பேரு ஸ்டூடியோ. போன மாசம் அங்கதான் பாடிக் குடுத்தேன்.
"இன்னாடா பண்ண என் குரல?"
"கோச்சுக்காதக்கா. ஏஐல போட்டு மாத்தி என் சேனல்ல ஏத்தினேன். உன் இழுப்பு, உன் மூச்சு, எல்லாம் அப்படியே கீது. பொம்பள கானா பாடினா இன்னா கமெண்ட் போடுவானுங்கன்னு தெரியாதா? உன் நல்லதுக்குத்தான்."
என் நல்லதாம்! பஸ்ல இடிக்கிறவன ஊசியால குத்துவேன்னு கோவமா பாடின வரி. ஆம்பளக் குரல்ல அது காமெடி. கீழ கமெண்ட்ல பூரா சிரிப்பு பொம்ம.

ஜூன் 6, வெள்ளி
நெட்டுல என் பக்கத்துல என் குரலையே ஏத்தினேன். கொஞ்ச நேரத்துல தூக்கிட்டானுங்க. தினேஷ் போட்டதுதான் ஒரிஜினலாம், என்னுது காப்பியாம். ஒரிஜினலே நான்தான்டா! யார்கிட்ட போய்க் கத்துறது? பட்டன்தான் கீது, ஆளு இல்ல.
வாங்கணும்: சீயக்கா, தலவலி மாத்திர, செருப்புக்கு ஒட்டு.
அம்மா: "உடுடி. உன் பேரு கெடாம பாட்டு ஓடுதே." நல்லா சண்ட. கோவத்துல சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
மாங்காட்டுல தேவி தங்கச்சி ரிசப்ஷன். பாட்டுக் கச்சேரி தினேஷோடது. அவனே கூப்பிட்டான். "மேல வாக்கா, எழுதினது நீதான்னு சொல்றேன். ட்ராக் ஓடும், நீ சும்மா வாயசை."
எவனோ ஒரு ஆம்பளக் குரலுக்கு நான் வாயசைக்கணுமாம். ஏறினேன். ட்ராக் ஆரம்பிச்சுது. பென்டிரைவப் புடுங்கிட்டேன்.
"ஏய், பாட்டப் போடு!"ன்னு கூட்டம் கத்துது. தினேஷ், "மானத்த வாங்காதக்கா"ன்றான். மைக்க எடுத்துப் பாடினேன். ஊசி வரி வந்ததும் முன்னாடி சேர்ல இருந்த ஆம்பளைங்க பழக்கத்துல சிரிக்க ஆரம்பிச்சு, பாதில நிறுத்திட்டானுங்க. பின்னாடி பொம்பளைங்க பக்கம் ஒரே விசில். குரல இன்னும் ஒசத்தினேன்.
"போன்ல கமெண்ட் போடறவன்லாம் இப்ப மேல வந்து சொல்லுங்கடா"ன்னேன்.
ஒருத்தனும் அசையல. முதல்லேர்ந்து மறுபடி பாடினேன்.