பகலில் தூங்குகிறவருக்கும் ஒரு விதி

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் நலம், அப்பா மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே நலம், அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், எனக்கோ முழுதாகச் சொல்லியாக வேண்டும். உன் அம்மா மாவட்ட மன்றத்தில் மைக் பிடித்துப் பேசினாள்.

அப்பாவுக்கு இன்னும் ஆம்புலன்சில் இரவுப் பணிதான். காலையில் வந்து படுப்பார், படுத்த கையோடு பக்கத்துத் தகரப் பட்டறையில் சுத்தியல் தொடங்கிவிடும். பட்டறைக்காரர் நீ போன பிறகு வந்தவர், தண்ணீர்த் தொட்டியும் புகைக்குழாயும் செய்கிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் அந்தச் சத்தத்தில் நம் வீட்டுப் பாத்திரமெல்லாம் கூடச் சேர்ந்து அதிரும். அப்பா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், தலைமேல் தலையணையைப் போட்டுப் பார்த்தார், கடைசியில் குளியலறையில் பாய் விரித்தார். போன மாதம் நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிக்னலில் அப்படியே கண்ணயர்ந்திருக்கிறார், பின்னாலிருந்த நர்ஸ்தான் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறாள். நீ பயப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கண் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்.

அந்த நேரத்தில்தான், மாவட்டம் முழுவதற்கும் புதிய சத்த விதிகள் வரப்போகின்றன, குடியிருப்பவர்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று தெருமுனையில் அறிவிப்பு ஒட்டினார்கள். மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஓர் அதிகாரி வாசித்தார், இரவில் ஒலிபெருக்கி கூடாது, கட்டட வேலை கூடாது, நாய் விடாமல் குரைத்தால் வளர்ப்பவர் பொறுப்பு, பக்கத்து வீட்டுச் சுவரருகே அளந்தால் சத்தம் இத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது, எல்லாமே இரவுக்குத்தான், பகலுக்கு ஒரு வரி கிடையாது. கேள்வி உண்டா என்றதும் என் கை என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டது. மைக் வந்ததும் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, “ஐயா, எங்க வீட்டுக்காரர் ராத்திரி பூரா உங்க வீட்டு ஆளுங்களத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாரு. அவருக்குப் பகல்தான் ராத்திரி. அவர் எப்போ தூங்கணும்னு இதுல எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டேன். அப்புறம் பின்வரிசையில் ஓர் இரவுக் காவலாளி எழுந்து, தன் வீட்டிலும் இதே கதைதான் என்றார்.

உடனே நம் பட்டறைக்காரர் எழுந்தாரே பார்க்கணும். முகம் சிவந்துவிட்டது. “அடிக்காம தகரம் வளையாதும்மா, பட்டறையை மூடிட்டு நான் எங்க போறது?” என்றார். அதுவும் நியாயம்தானே. மன்றத் தலைவி அம்மாள் எங்கள் இருவரையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார். தாழ்வாரத்தில் நின்று சிக்னலில் நடந்ததைச் சொன்னேன். “இத எங்கிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்றார். காலையில் அளப்பது, வெட்டுவது, சாயம் பூசுவது, அடிப்பதெல்லாம் பகல் இரண்டுக்குமேல் என்று அவரே சொன்னார், ஆனால் சாயங்காலம் சீக்கிரம் நிறுத்தச் சொன்னால் பிழைக்க முடியாது, எட்டு வரை விட வேண்டும் என்றார். எதிர்த்துப் பேசப் போன நானே உள்ளே வந்து அவருக்காகவும் வாதாடினேன். இரவுப் பணியாளர் வீட்டை ஒட்டிய பட்டறைகளுக்கு என்று தனி விதியாகவே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு நாள் காலையில் ஒலி அளக்கும் கருவியோடு அதிகாரி நம் சுவரருகே வந்து நின்றார். பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் கருவியில் எண் ஏறி ஏறி இறங்குகிறது. சுற்றும் முற்றும் பார்த்தவர், நம் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே அப்பா குறட்டை. “இதுக்கு விதி போடலம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார், பட்டறைக்காரர் சாயத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எழுந்ததும், அதுவரை சொல்லாமல் வைத்திருந்த மன்றக் கதையைச் சொன்னேன், அப்பா, “நீயா பேசின?” என்று கேட்டு, நடு அறையில் என்னை நிற்கவைத்து முழுவதையும் மறுபடி பேசச் சொல்லிக் கேட்டார். முகம் தெளிந்துவிட்டது மகளே, கண்ணுக்கடியில் இருந்த கறுப்புகூடக் குறைந்திருக்கிறது.

உன் மாடி வீட்டார் நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புலம்பினாயே, உங்கள் குடியிருப்பில் என்ன விதி என்று கேட்டு வைத்துக்கொள், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போகாதே, முதலில் கதவைத் தட்டி உன் கஷ்டத்தைச் சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கும் நடுங்கியது. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். கண்ணும் கருத்துமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, குறையில்லாமல், நோயில்லாமல் நீங்கள் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இங்கே பகல் இரண்டு மணிக்கு முன்னால் போன் செய்யாதே. அப்பா தூங்குகிறார்.

என்றும் உன்னையே நினைக்கும்
அம்மா